நேற்றுத் தின்ற மாம்பழத்தைத் திட்டாதீர்கள்

வாசகர் கேள்விகள் – தோல் மருத்துவர் பதில்கள்

ஜூன் மாதம் வந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் முகப்பருவைப் பற்றித்தான் இருக்கும். பள்ளி முடித்த பிள்ளைகள் கல்லூரியில் சேரப்போகிறார்கள். புது இடம், புது ஆட்கள். அதற்குள் முகம் சரியாகிவிட வேண்டும் என்று அவசரம். கூடவே மாம்பழ சீசன். மதுரையில் என் கிளினிக்குக்கு வரும் அம்மாக்கள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, "எல்லாம் மாம்பழத்தால்தான் டாக்டர்" என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். அதனால் இந்த இதழை முழுவதுமாகப் பருவுக்கே ஒதுக்கிவிட்டேன். படர்தாமரை, பொடுகுக் கடிதங்கள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

என் மகளுக்கு வயது 16. பத்தாவது எழுதியிருக்கிறாள். மே மாதம் முழுக்க மாம்பழம் சாப்பிட்டாள். இருபதாம் தேதி வாக்கில் முகம் பூராவும் பரு. உடம்புச் சூடு என்கிறார் என் மாமியார். வெந்தயத் தண்ணீர் கொடுக்கிறேன். தினமும் ஐந்து தடவை சோப்புப் போட்டு முகம் கழுவ வைக்கிறேன். குறையவே இல்லையே, ஏன்?
– ஓர் அம்மா, மேலூர்

முதலில் சோப்பை வாங்கி உள்ளே வையுங்கள் அம்மா. மீதியை அப்புறம் பேசுவோம்.

ஒரு சின்னக் கேள்வி. நம் உடம்பிலேயே அதிகம் அழுக்குப்படும் இடம் எது? உள்ளங்கை. பஸ் கம்பி, ரூபாய் நோட்டு, செல்போன், செருப்பு எல்லாவற்றையும் தொடுகிறது. உள்ளங்கையில் பரு வந்து யாராவது பார்த்திருக்கிறோமா? உள்ளங்காலில்? வராது. ஏனென்றால் அந்த இரண்டு இடத்திலும் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. முகத்திலோ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 சுரப்பிகள் வரை இருக்கின்றன. முகத்துக்கு அடுத்து மார்பின் மேல்பகுதி, தோள், முதுகு. பரு வருகிற இடங்களும் இவையேதான். அழுக்குக்கும் பருவுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

உள்ளே நடப்பது இது. தோலில் ஒவ்வொரு முடியும் ஒரு சிறு குழிக்குள்ளிருந்து முளைக்கிறது. அந்தக் குழியின் பக்கவாட்டில், கிணற்றில் ஊற்று இருப்பதைப் போல, எண்ணெய்ச் சுரப்பி. சுரக்கிற எண்ணெய் குழி வழியாக மேலே வந்து தோலைப் பதமாக வைத்திருக்கும். குழியின் சுவரிலிருந்து உதிரும் செத்த செல்களையும் அதுவே வெளியே தள்ளிவிடும். எட்டு ஒன்பது வயதிலேயே பிள்ளைகளின் அட்ரினல் சுரப்பியில் (சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருப்பது) ஆண் ஹார்மோன் என்று சொல்லப்படும் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள் லேசாகத் தலைகாட்டும். பருவ வயதில் அளவு கூடும். ஆண்களுக்கு மட்டும் உரிய சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள், பெண் குழந்தைகளுக்கும் உண்டு. ஆண்ட்ரோஜன் ஏறினால் சுரப்பி பெரிதாகும், எண்ணெய் கூடும். அதே சமயம் செத்த செல்கள் ஒழுங்காக உதிராமல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். வாஷ்பேசின் குழாயில் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் சேர்ந்து அடைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான்.

அடைப்பின் வாய் மூடியிருந்தால் வெள்ளையாக ஒரு குருணை தெரியும். வாய் திறந்திருந்தால் பிளாக்ஹெட்ஸ். அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் எல்லோரும் 'அழுக்கு, தேய்த்துக் கழுவு' என்கிறார்கள். உண்மையில் அது தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினும், காற்றுப்பட்டு நிறம் மாறிய எண்ணெய்ப் பொருளும்தான். எத்தனை தேய்த்தாலும் போகாது.

அடைபட்ட குழிக்குள் காற்று போகாது. எண்ணெய் நிறைய இருக்கும். அப்படிப்பட்ட இடமாகப் பார்த்துச் செழிக்கும் ஒரு பாக்டீரியா எல்லோர் தோலிலும் குடியிருக்கிறது. க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்று பெயர். (நான் படித்தபோது புரோப்பியோனிபாக்டீரியம். 2016-ல் பெயரை மாற்றிவிட்டார்கள்.) அது பெருகும்போது உடம்பின் எதிர்ப்புப் படை அங்கே வந்து இறங்குகிறது. சிவப்பு, வீக்கம், வலி, சீழ் எல்லாம் அந்தச் சண்டையின் விளைவு.

மாம்பழத்துக்கு வருகிறேன். கண்ணுக்கே தெரியாத முதல் அடைப்பு, பருவாக உருவெடுக்க ஏறத்தாழ எட்டு வாரம் ஆகும். மே இருபதாம் தேதி உங்கள் மகள் கன்னத்தில் தெரிந்த பரு, மார்ச் இருபது வாக்கிலேயே உள்ளே துளிர் விட்டிருக்கும். மார்ச்சில் நல்ல மாம்பழம் ஏது? அப்போது அவள் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பொல்லாத மாம்பழத்தை விட்டுவிட்டு, அந்த நாட்களில் எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் 94 பள்ளி மாணவர்களைத் தேர்வு நேரத்திலும் தேர்வில்லாத நேரத்திலும் பரிசோதித்து, 2007-ல் ஓர் ஆய்வு வெளியானது. தேர்வுக் காலத்தில் பரு கூடியது. ஆனால் முகத்தின் எண்ணெய் அளவில் சொல்லும்படி மாற்றமில்லை. அதாவது மன அழுத்தம் எண்ணெயைக் கூட்டித்தான் வேலை செய்கிறது என்று சொல்ல முடியவில்லை. வீக்கத்தைக் கிளறிவிடும் வேறு வழிகள் அதற்கு இருக்கின்றன.

மாமியார் சொல்வதில் கால்வாசி உண்மையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வெயிலில் வியர்த்துக்கொண்டே இருக்கும்போது குழியின் வாய் ஊறி உப்பி இன்னும் சுருங்குகிறது. கோடையில் பரு கூடுவது நிஜம். அது வெளிச் சூடு. வயிற்றுக்குள் இருக்கும் சூடு முகத்தில் வந்து கொப்பளிப்பதில்லை. வெந்தயத் தண்ணீரால் கெடுதல் இல்லை, கொடுங்கள். சோப்பு மட்டும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. அதுவும் காரம் குறைந்த ஃபேஸ்வாஷ். ஐந்து தடவை கழுவினால் தோல் வறண்டு எரிச்சலாகி, வீங்குகிற பருவுக்கு நீங்களே விசிறி விடுகிறீர்கள்.

*

சாக்லேட், வேர்க்கடலை, தேங்காய், எண்ணெய்ப் பலகாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். இன்னும் எதை நிறுத்த வேண்டும்?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பாவம் தம்பி, ஹாஸ்டலில் மீதி என்னதான் சாப்பிடுகிறீர்கள்?

பருவையும் சாப்பாட்டையும் பற்றி மருத்துவர்களே ஒரு முப்பது வருஷம் தவறான தெம்பில் இருந்தோம். 1969-ல் அமெரிக்காவில் 65 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. நான்கு வாரம் நிஜ சாக்லேட், இன்னொரு நான்கு வாரம் கோகோ இல்லாத போலி சாக்லேட். இரண்டிலும் பரு ஒரே மாதிரி. 'சாக்லேட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமில்லை, சாப்பாட்டுக்கே சம்பந்தமில்லை' என்று பாடப் புத்தகங்களில் எழுதிவிட்டார்கள். நானும் அப்படித்தான் படித்தேன், நோயாளிகளிடம் அப்படியே சொன்னேன். ஆனால் அந்தப் போலி சாக்லேட்டிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவு இருந்தன. கோகோ குற்றவாளி இல்லை என்று மட்டும்தான் அந்தச் சோதனையால் சொல்ல முடியும். சர்க்கரையைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. பரு வளர்வதற்கு எட்டு வாரம் ஆகும்போது நான்கு வாரச் சோதனையில் என்ன தெரியப்போகிறது என்பது இன்னொரு கேள்வி.

2002-ல் வெளியான ஒரு கட்டுரைதான் பழைய வழக்கை மறுபடி எடுத்தது. பப்புவா நியூ கினியில் கிடாவா என்று ஒரு தீவு. அங்கே 1,200 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 300 பேர் 15 முதல் 25 வயதுக்குட்பட்டவர்கள். ஒருவர் முகத்தில்கூடப் பரு இல்லை! அவர்கள் சாப்பாடு கிழங்கு, பழம், மீன், தேங்காய். ஆமாம் தம்பி, நீங்கள் நிறுத்திவைத்திருக்கும் அதே தேங்காய்தான். பரம்பரை, வேலை, வெயில் எல்லாமே அங்கே வேறு மாதிரி என்பதால் சாப்பாடு ஒன்றுக்கே முழுப் பெருமையையும் கொடுத்துவிட முடியாது. ஆனால் 2007-ல் ஆஸ்திரேலியாவில் 43 இளைஞர்களை இரண்டாகப் பிரித்து 12 வாரம் சோதித்தபோது, ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவு சாப்பிட்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது.

காரணம் இன்சுலின். மாவும் சர்க்கரையுமாகச் சாப்பிட்டால் இன்சுலின் சட்டென்று ஏறும். அது ஏறினால் அதன் பங்காளியான ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் வேலையைத் தொடங்கும். இரண்டும் சேர்ந்து ஆண்ட்ரோஜனுக்கும் எண்ணெய்ச் சுரப்பிக்கும் தெம்பு கொடுக்கும்.

அதனால் வேர்க்கடலையை மறுபடி கொறியுங்கள். தேங்காய்ச் சட்னியும் தாராளமாக. குறைக்க வேண்டியது பேக்கரி பன், மைதா பரோட்டா, பாட்டில் குளிர்பானம், நாளைக்கு நாலு தடவை மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ. தட்டில் சோற்று மலையைப் பாதியாக்கி, அந்த இடத்தில் சுண்டல், காய், முட்டை, மீன் எது கிடைக்கிறதோ அதை வையுங்கள். பாலும் பருவும் தொடர்புடையவை என்று சில பெரிய கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. கொழுப்பு எடுத்த பாலில் அந்தத் தொடர்பு அழுத்தமாகத் தெரிகிறது. டம்ளர் டம்ளராகக் குடிப்பவர் என்றால் இரண்டு மாதம் குறைத்துப் பாருங்கள். தயிர்சாதம், ஒரு டம்ளர் மோர் இதையெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டாம்.

இத்தனையும் செய்தாலும் பரு முழுக்கப் போய்விடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அப்பா அம்மாவுக்கு இளவயதில் கடும் பரு இருந்ததா என்று கேளுங்கள். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் பரம்பரையின் பங்கு ஐந்தில் நான்கு பங்கு வரை வருகிறது.

*

வயது 22. நான்கு மாதத்துக்கு முன் மெடிக்கலில் ஒரு கிரீம் கொடுத்தார்கள். பூசிய நாலாம் நாளே முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. எல்லோரும் என்ன போடுகிறாய் என்று கேட்டார்கள். தோழிகளுக்கும் வாங்கிக் கொடுத்தேன். இப்போது கன்னம் சிவந்து எரிகிறது, வெயிலில் நிற்க முடியவில்லை, மெல்லிய முடி முளைக்கிறது, பரு முன்பைவிட மூன்று மடங்கு. கிரீமை நிறுத்தினால் இன்னும் மோசமாகிறது.
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

இந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். ஏனென்றால் என் பத்தொன்பதாவது வயதில் இதை நானே எழுதியிருக்க முடியும்.

அப்போது மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டு. கன்னத்து எலும்பில் எந்தத் துளை வழியாக எந்த நரம்பு போகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கன்னத்தின் மேல் பூசிக்கொள்ளும் டியூபில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஊருக்குப் போயிருந்தபோது, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில், கடைக்காரர் என் முகத்தைப் பார்த்த பார்வையிலேயே டியூபை எடுத்து வைத்தார். பதினான்கு ரூபாய். ஒரே வாரத்தில் ஹாஸ்டலில் நான்தான் அழகி. மூன்றாம் மாதம், துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். என் இடது கன்னத்தில் இருக்கும் மூன்று குழிகள் அந்த வருஷத்துச் சொத்து. நோயாளிகள் சிலர் அதையே உற்றுப் பார்ப்பார்கள். 'இவங்களுக்கே சரியாகலையே' என்று நினைக்கிறார்கள் என்பது தெரியும்.

நீங்கள் பூசியது ஸ்டீராய்டு கிரீம். டியூபின் பின்பக்கம் பொடி எழுத்தில் பாருங்கள்: பீட்டாமெத்தாசோன், குளோபெட்டாசால், மொமெட்டாசோன், ஃபுளுவோசினோலோன், இதில் ஒன்று இருக்கும். இவை கெட்ட மருந்துகள் இல்லை. கை கால் கரப்பானுக்கு நானே எழுதிக் கொடுக்கிறேன். வீக்கத்தை அடக்குவதில் இவற்றுக்கு நிகர் இல்லை. அதனால்தான் நாலாம் நாளே சிவப்பு மறைந்தது. ரத்தக்குழாயைச் சுருக்கித் தோலை வெளுப்பாகவும் காட்டும். ஆனால் அடைப்பு அடைப்பாகவே இருக்கும். வாரக்கணக்கில் பூசும்போது தோல் மெலிந்துவிடும், ரத்தக்குழாய்கள் நூல் நூலாகத் தெரியும், முடி முளைக்கும், ஒரே அளவில் கடுகு தூவினாற்போலப் புதுப் பரு கிளம்பும். நிறுத்தியதும் அதுவரை அடங்கியிருந்த வீக்கம் மொத்தமாகத் திரும்பி வரும். அதற்குப் பயந்து மறுபடி பூசுவீர்கள். அப்படியே அந்த டியூபுக்கு அடிமை.

ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு என்று மூன்றையும் கலந்த கிரீம்களும் இருக்கின்றன. மங்கு என்று நாம் சொல்லும் கன்னத்துக் கரும்படைக்கு, டாக்டர் கண்காணிப்பில், குறைந்த காலம் பூச வேண்டியவை. கல்யாணப் பெண்ணுக்கு 'ஃபேர்னெஸ் கிரீம்' என்று வீட்டுக்கு வீடு கைமாறுவது அவைதான். 2018-லேயே பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு அறிவித்துவிட்டது. உங்களிடம் சீட்டு கேட்டார்களா?

இனி என்ன செய்வது? சொந்தமாக ஒரே நாளில் தூக்கி எறிந்துவிட்டு வீட்டிலேயே தவிக்க வேண்டாம். டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். எப்படி நிறுத்துவது, எரிச்சலுக்கு எதைப் பூசுவது, வெயிலுக்கு என்ன சன்ஸ்கிரீன் என்று அவர் சொல்வார். தோல் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். முதல் சில வாரம் முகம் இன்னும் மோசமாகும். அப்போது கண்ணாடி முன்னால் நின்று முடிவெடுக்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வருகிறது. தோழிகளுக்கும் இன்றே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்.

*

பேரனுக்கு மூன்று வாரம். கன்னத்தில் பொடிப்பொடியாகப் பரு. தாய்ப்பால் கொடுக்கும் மருமகள் சாப்பாட்டில் பத்தியம் வைக்கட்டுமா?
– ஓர் ஆச்சி, காரைக்குடி

வேண்டாம் ஆச்சி, மருமகள் நன்றாகச் சாப்பிடட்டும். பிறந்த சில வாரங்களில் ஹார்மோன் விளையாட்டால் வருவது இது. ஒன்றும் பூசாமல், பிதுக்காமல், எண்ணெய் தேய்க்காமல் விட்டாலே சில மாதத்தில் போய்விடும். சீழ், காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது என்று ஏதாவது இருந்தால் மட்டும் குழந்தை டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.

*

மகளுக்கு வயது 26. தாடையைச் சுற்றி வலியோடு கட்டி கட்டியாகப் பரு. மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். முகவாயில் ஒன்றிரண்டு முடி. 'கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும்' என்கிறார்கள் உறவினர்கள். வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.
– ஓர் அம்மா, சிவகங்கை

'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்று நம் ஊரில் சொல்லப்படாத வியாதியே கிடையாது. தாலி கட்டியதும் எண்ணெய்ச் சுரப்பி அடங்கிவிடும் என்றால் நான் கிளினிக்கை மூடிவிட்டுக் கல்யாணத் தரகு பார்த்திருப்பேன்.

நீங்கள் எழுதிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள் அம்மா. தாடையில் பரு, தள்ளிப்போகும் மாதவிடாய், முகவாயில் முடி. மூன்றுக்கும் ஒரே வேர் இருக்கலாம், கூடுதல் ஆண்ட்ரோஜன். பிசிஓஎஸ் என்று இப்போது பரவலாகப் பேசப்படும், சினைப்பை சம்பந்தமான ஹார்மோன் கோளாறு. கழுத்தின் பின்புறம் கறுத்து வெல்வெட் மாதிரி தடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அழுக்கென்று நார் போட்டுத் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம் அது. மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஹார்மோன், சர்க்கரைப் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். முகத்துக்கு மட்டும் கிரீம் பூசிக்கொண்டிருந்தால், கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டிருப்பது போலத்தான்.

பருவுக்கு ஆண்ட்ரோஜன் எவ்வளவு அவசியம் என்பதற்குப் பழைய ஆதாரம் ஒன்று உண்டு. 1941-ல் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பருவம் வரும் முன்பே விரைகள் அகற்றப்பட்ட ஆண்களுக்குப் பரு வருவதில்லை என்றும், அவர்களுக்கு ஆண்ட்ரோஜன்களில் முக்கியமான டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் வருகிறது என்றும் பதிவு செய்தார். பருவும் பருவமும் தமிழில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதைப் பார்க்கும்போது நம் முன்னோர் அதற்கும் முன்பே கவனித்திருக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றும். மொழி அறிஞர்கள் கோபிக்க வேண்டாம்.

வரன் பார்ப்பதாக எழுதியிருப்பதால் ஓர் எச்சரிக்கை. கடும் பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் என்று ஒரு மாத்திரை உண்டு. 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பல பேர் முகத்தைக் காப்பாற்றிய மாத்திரை. ஆனால் அதைச் சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகள் வரக்கூடும். யாராவது அதை எழுதிக் கொடுத்தால், கல்யாணத் தேதியை டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். தோழி சாப்பிட்டாள் என்று கடையில் வாங்கவே கூடாது.

*

ஜிம் சேர்ந்து ஐந்து மாதம். தினமும் இரண்டு ஸ்கூப் வே புரோட்டீன். முகம் சுமார்தான், முதுகும் தோளும் பருவால் நிறைந்துவிட்டன. வியர்வையாலா?
– வயது 23, ஆவடி

வியர்வைக்கும் பங்கு உண்டு. நனைந்த இறுக்கமான பனியனோடு பைக்கில் வீடு வந்து, ஒரு மணி நேரம் போன் பார்த்துவிட்டுக் குளிப்பவர் என்றால் அதை முதலில் மாற்றுங்கள். தோள்பையின் பட்டை உராயும் இடத்திலும் பரு வரும்.

வே என்பது பாலின் புரதம்தான். இன்சுலினையும் ஐஜிஎஃப்-1-ஐயும் நன்றாகவே ஏற்றும். அதைத் தொடங்கிய பிறகு முதுகில் பரு கிளம்பிய இளைஞர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் வந்திருக்கின்றன. நானும் நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். மூன்று மாதம் நிறுத்தி, முட்டை, கொண்டைக்கடலை, மீன், கோழி என்று போய்ப் பாருங்கள்.

இன்னொரு கேள்வி, இதற்குப் பதில் எனக்கு எழுத வேண்டாம், உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டால் போதும். ஜிம்மில் யாராவது ஊசி போட்டார்களா? உடம்பு சீக்கிரம் ஏறும் என்று போடும் அனபாலிக் ஸ்டீராய்டு என்பது ஆண்ட்ரோஜன்தான். முதுகில் மிக மோசமான பருவை அது கொண்டுவரும். கூடவே உங்கள் சொந்த டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியை முடக்கி, விந்தணுவையும் குறைக்கும். போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

*

எனக்கு நெற்றியில் மட்டும்தான் வருகிறது. பொடிப்பொடியாக.
– பள்ளி மாணவி, நாகர்கோவில்

தலைக்கு எண்ணெய் வழிய வழிய வைத்துப் படிய வாரிக்கொண்டு போவீர்களா? முடிக்கும் நெற்றிக்கும் நடுவில் வரிசை கட்டி நிற்கும் பருவுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். எண்ணெய் நெற்றியில் இறங்கிக் குழியின் வாயை அடைக்கும். எண்ணெயைக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வைத்து அலசிவிடுங்கள், தலையணை உறையை வாரத்துக்கு இரண்டு தடவை மாற்றுங்கள்.

ரொம்ப அரிக்கிறதா? அப்படியானால் அது பருவாகவே இல்லாமல், மலசீசியா என்ற பூஞ்சையால் வரும் முடிக்குழி அழற்சியாக இருக்கலாம். அதற்குப் பருவின் மருந்து கேட்காது, மருத்துவர் பார்த்துப் பூஞ்சை மருந்து கொடுக்க வேண்டும்.

*

பற்பசை, எலுமிச்சைச் சாறு, சுண்ணாம்பு எது நல்லது?
– வாசகர், ஓசூர்

பற்பசை பல்லுக்கு. எலுமிச்சை ரசத்துக்கு. சுண்ணாம்பு வெற்றிலைக்கு.

*

டாக்டர் காலையில் பூச பென்சாயில் பெராக்சைடு ஜெல்லும், இரவில் பூச அடாப்பலீனும் கொடுத்தார். பரு வந்த இடத்தில் மட்டும் தொட்டு வைக்கிறேன். 25 நாள் ஆகிவிட்டது. முகம் வறண்டு உரிகிறது, பரு அப்படியேதான் இருக்கிறது. வேறு டாக்டரிடம் போகட்டுமா?
– வயது 19, ஈரோடு

போகாதீர்கள். நல்ல டாக்டரிடம்தான் போயிருக்கிறீர்கள்.

மேலூர் அம்மாவுக்குச் சொன்ன எட்டு வாரக் கணக்கு உங்களுக்கும்தான். இன்று தெரிகிற பரு, நீங்கள் மருந்து வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே உள்ளே உட்கார்ந்துவிட்டது. அடாப்பலீன் முக்கியமாக வேலை செய்வது, இன்னும் வெளியே தெரியாத அடைப்புகளின் மேல். அதனால் பரு இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைப்பது போலத் தொட்டு வைத்தால் பிரயோஜனமில்லை. முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பச்சைப் பட்டாணி அளவு எடுத்து, கண், மூக்கோரம், உதட்டோரம் விட்டுவிட்டு, பரு இல்லாத தோலிலும் மெல்லியதாகப் பரப்புங்கள். முகம் கழுவியவுடன் ஈரத்தோடு பூச வேண்டாம், நன்றாகக் காயட்டும். உரிகிறது என்றால் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசுங்கள், மேலே எண்ணெய்ப் பிசுக்கில்லாத மாய்ஸ்சரைசர் போடுங்கள். (கர்ப்பமாக இருப்பவர்கள் அடாப்பலீனைப் பூசக் கூடாது.) பகலில் சன்ஸ்கிரீன் அவசியம். நம் மாதிரி மாநிறத் தோலில் பரு ஆறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும், வெயில் பட்டால் இன்னும் அழுத்தமாகும்.

பிதுக்காதீர்கள். பிதுக்கும்போது பாதிச் சீழ் வெளியே வரும், பாதி உள்ளே உடையும். என் கன்னத்து மூன்று குழிகளில் ஒன்று கிரீமால் வந்ததில்லை, என் நகத்தால் வந்தது.

மூன்று மாதம் முடியட்டும். அப்போதும் மாற்றம் இல்லையென்றால் அதே டாக்டரிடம் போய்க் கேளுங்கள், மாத்திரை சேர்ப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார். ஆன்டிபயாட்டிக் மாத்திரையை மட்டும் கடையில் வாங்கி விழுங்கிக்கொண்டிருக்க வேண்டாம், கொஞ்ச நாளில் அந்த பாக்டீரியா அதற்கு மசியாமல் போய்விடும்.

இன்னொன்று, டாக்டர்கள் பலரும் சொல்ல மறந்துவிடுவது. பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுத்துவிடும். என் வீட்டுக்காரரின் நீலத் துண்டில் என் கை அடையாளம் இன்னமும் இருக்கிறது. வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் வாங்கிவிடுங்கள். உங்கள் ஈரோட்டில் அதற்கா பஞ்சம்?